பாண்டியில் மாச வாடகைக்கு வீடு கிடைக்காததற்கும் ஹோம்ஸ்டேவுக்கும் சம்பந்தம் உண்டா?

வாசகர் கேள்வி, 17 ஜூன் 2025

ஞாயிற்றுக்கிழமை பார்சலோனாவில் தண்ணீர்த் துப்பாக்கியோடு சுற்றுலாவை எதிர்த்து ஊர்வலம் போன வீடியோ பார்த்தேன். நம்ம பாண்டிச்சேரியில் இப்படி ஒரு கோபம் வர வாய்ப்பே இல்லை என்பது என் கருத்து. ஆட்டோக்காரர் முதல் பூக்கார அம்மா வரை வெளியூர்க்காரர் வந்தால்தான் இங்கே பிழைப்பு. ஹோம்ஸ்டேயால் வாடகை ஏறுகிறது என்பது ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்த புகார். வாடகை எல்லா ஊரிலும்தான் ஏறுகிறது. சொந்த வீட்டை ஒருவர் மாதத்துக்கு விட்டால் என்ன, நாளுக்கு விட்டால் என்ன?

17 ஜூன் 2025, இரவு

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மாதத்துக்கு விட்டால் அந்த வீட்டில் ஒரு குடும்பம் இருக்கும். நாளுக்கு விட்டால் இருக்காது.

பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழ்ப் பகுதியில், ஒரு பழைய வீட்டின் பின்கட்டில் நாங்கள் பல வருஷம் குடியிருந்தோம். வாடகை 9,000. முன்கட்டில் வீட்டுக்காரர். நல்ல மனுஷர், ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஒரு நாள் சாயந்திரம் கூப்பிட்டு உட்காரவைத்து, "தம்பி, பையன் பின்கட்டை ரெண்டு ரூமா பிரிச்சு ஏசி போட்டு விடலாங்கறான்" என்றார். கணக்கையும் அவரே சொன்னார். ஒரு ரூம் ஒரு ராத்திரிக்கு 2,500. வெள்ளி, சனி இரண்டு ராத்திரியும் இரண்டு ரூமும் நிரம்பினால் ஒரு வாரக் கடைசிக்கே 10,000. ஞாயிறு முதல் வியாழன் வரை பூட்டிக் கிடந்தாலும் மாசம் 40,000. கரண்ட் பில், சுத்தம் செய்கிற கூலி, ஏர்பிஎன்பி போன்ற புக்கிங் ஆப்புக்குக் கமிஷன் எல்லாம் போனாலும் எங்கள் வாடகையைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாது. அட்வான்ஸை ஒரு ரூபாய் பிடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். சண்டை எதுவும் இல்லை. அவர் இடத்தில் யார் இருந்தாலும் அந்தக் கணக்குக்கு ஆசைப்பட்டிருப்பார்கள்.

அப்புறம் வீடு தேடினோம். அதே தெருக்களில் முன்பெல்லாம் வாசலுக்கு வாசல் 'டு-லெட்' அட்டை தொங்கும். இப்போது அட்டை இருந்த இடத்தில், தங்க வருகிறவர் நம்பர் போட்டுத் திறந்து சாவி எடுத்துக்கொள்கிற பெட்டி. புரோக்கர் இரண்டாவது நாளே சொல்லிவிட்டார்: "சார், கடற்கரையிலேர்ந்து ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் மாச வாடகைன்னு கேக்காதீங்க. உங்க டைமும் வேஸ்ட், என் பெட்ரோலும் வேஸ்ட்." கடைசியில் லாஸ்பேட்டையில் அமைந்தது. 14,000. பெண்ணின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்திலிருந்து வேன் போகிற தூரத்துக்குப் போய்விட்டது.

இதை இறக்குமதிப் புகார் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது.

18 ஜூன்

மேலே ஒருவர் "பார்சலோனா ஏர்பிஎன்பியைத் தடை செய்தாயிற்று, அப்புறம் ஏன் ஊர்வலம்" என்று கேட்டிருக்கிறார். இன்னும் தடை நடப்புக்கு வரவில்லை. 2024 ஜூன் 21 அன்று மேயர் ஜௌமா கொல்போனி அறிவித்தது இதுதான்: உரிமம் பெற்ற 10,101 சுற்றுலாக் குடியிருப்புகளுக்கும் 2028 நவம்பருக்குப் பிறகு உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டோம். பத்து வருஷத்தில் அங்கே வாடகை 68 சதவீதம் ஏறிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். கட்டலோனியா மாநில அரசு 2023இல் போட்ட சட்டம்தான் இதற்கு அடிப்படை. அதை எதிர்த்துப் போன வழக்கில் ஸ்பெயினின் அரசியல் சாசன நீதிமன்றம் 2025 மார்ச்சில் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

எனக்குப் பெரிதாகத் தெரிவது அந்த எண்தான். 10,101. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த மாடி, எந்தக் கதவு என்பது வரை நகராட்சியின் கையில் இருக்கிறது. எண்ணி வைத்திருந்ததால்தான் வேண்டாம் என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

21 ஜூன்

அதே பார்சலோனா பற்றிய ஆய்வைக் காட்டி, "சராசரி 2 சதவீதம்கூட ஏறவில்லையே" என்று என்னை மடக்கியிருக்கிறார்கள். ஆய்வு நல்ல ஆய்வு. 2020இல் ஜர்னல் ஆஃப் அர்பன் எகனாமிக்ஸ் இதழில் வந்தது. சராசரியான ஒரு பகுதியில் ஏர்பிஎன்பியால் மட்டும் ஏறிய வாடகை 1.9 சதவீதம் என்றுதான் அதில் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியையும் படிக்க வேண்டும். இப்படிப்பட்ட வீடுகள் மிக அதிகமாகக் குவிந்த பத்தில் ஒரு பங்குப் பகுதிகளில் வாடகை 7 சதவீதம், விற்பனை விலை 17 சதவீதம் ஏறியிருக்கிறது.

பாதிப்பு ஊர் முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை. பாகூரில் வயலுக்குப் பக்கத்தில் வீடு வைத்திருப்பவருக்கு இது ஒரு பேச்சே இல்லை. புஸ்ஸி வீதிக்கு வடக்கே குடியிருப்பவருக்கு இதுவே முழுப் பேச்சு. இரண்டையும் கூட்டி வகுத்துச் சராசரி எடுத்தால் யாருடைய கஷ்டமும் தெரியாது.

இன்னொன்று, 7 சதவீதம் என்பது மாச வாடகைக்கு விடுகிற வீடு கிடைத்தவர் கொடுக்கும் கூடுதல். எங்களைப் போல அந்தப் பகுதியை விட்டே போனவர்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை.

29 ஜூன்

என் சித்தி குருசுக்குப்பத்தில் இருக்கிறார். இப்படிப்பட்ட வீடுகளில் சுத்தம் செய்கிற வேலை. இந்த விவாதத்தை அவரிடம் சொன்னபோது, "ஏண்டா, என் பொழப்பக் கெடுக்கப் பாக்கறியா" என்று கேட்டார். அவர் பக்கத்தையும் எழுதாவிட்டால் நியாயம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் காலி செய்வார்கள், ஒரு மணிக்கு அடுத்தவர் வருவார். நடுவில் இரண்டு மணி நேரம். மூன்று வீட்டுச் சாவி ஒரே வளையத்தில் அவர் இடுப்பில் தொங்கும். முதலில் பாத்ரூம் ஜாலியைக் கழற்றி மணலை வாருவார். கடலில் குளித்துவிட்டு வந்து அப்படியே ஷவரில் நிற்பார்களாம், கைப்பிடி கைப்பிடியாக மணல் வரும். அதை வாராமல் தண்ணீர் விட்டால் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் பிளம்பர் கூலியை யார் கொடுப்பது என்று பேச்சு வரும். அப்புறம் படுக்கை விரிப்பு, துண்டு, குப்பை, பாட்டில். ஒரு வீட்டுக்கு 200 ரூபாய்.

முன்பு ஒரு ஹோட்டலில் இதே வேலையைத்தான் செய்தார். மாசச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் இருந்தது. இப்போது செவ்வாய், புதனில் ஆள் வராவிட்டால் காசு இல்லை, முட்டி வலித்தால் சொந்தச் செலவு. ஆனாலும் நேரம் தன் கையில் இருப்பதால் இதுதான் சௌகரியம் என்கிறார். அதை நான் மறுக்க முடியாது.

அவர் குடியிருப்பதும் வாடகை வீடுதான். பக்கத்தில் இரண்டு வீடு மாறிவிட்டது என்று அவரே சொன்னார். தன் வீட்டுக்காரர் எப்போது கேட்பார் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது.

ஆகவே "பயணிகளே வராதீர்கள்" என்ற கோஷத்தில் நான் சேர மாட்டேன். வருகிறவர்கள் எங்கே தங்குகிறார்கள் என்பதுதான் என் சண்டை. ஹோட்டலில் தங்கினால் ஒரு குடும்பத்தின் வீடு போகாது. சித்திக்கும் இ.எஸ்.ஐ. கிடைக்கும்.

6 ஜூலை

பழைய வீடுகளை ஹோம்ஸ்டேதான் காப்பாற்றுகிறது என்ற வாதம் வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது. இதில் உண்மை இருக்கிறது, சாதாரணமாகத் தள்ள முடியாது.

மெட்ராஸ் தளம் போட்ட வீட்டில் இருந்தவருக்குத் தெரியும். மரத்தின் மேல் செங்கல்லைக் குறுக்காக அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம். ஒரு மழையில் ஒரு இடத்தில் ஈரம் கசிந்தால் அடுத்த மழைக்குள் உத்தரத்தில் கரையான் ஏறிவிடும். அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் கூலி அதிகம். 9,000 வாடகையில் அதைச் செய்ய முடியாது. எங்கள் பழைய வீட்டுக்காரரின் நிலைமையும் அதுதான். நகராட்சியின் மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. தனி ஆள் என்ன செய்வார்?

பிரான்சில் குடியேறிய குடும்பங்களின் வீடுகளும் இங்கே நிறைய. சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள், பிள்ளைகள் எல்லாம் அங்கே. வீடு பூட்டிக் கிடக்கும், முற்றத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். அப்படிக் கிடந்த வீடு கெஸ்ட் ஹவுஸாக மாறினால் யாரையும் துரத்தவில்லை, கட்டடமும் பிழைக்கிறது. அதற்கு நான் ஆதரவு.

ஆனால் வேறு வழியும் இருந்தது. வைசியாள் வீதியில், பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு முன்னின்று, ஆள் குடியிருந்த வீடுகளின் முகப்புகளையும் தாழ்வாரங்களையும் செப்பனிட்டது. அந்தத் தெருவுக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருது கிடைத்தது. ஜனம் இருக்கும்போதே தெருவைக் காப்பாற்றலாம் என்பதை நம் ஊரே செய்து காட்டியிருக்கிறது.

7 ஜூலை

தாழ்வாரம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். திண்ணைக்கு வெளியே, தெரு ஓரமாகத் தூண் வைத்துக் கூரை இறக்கிய நடை. தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவது அங்கே, வீட்டுக்காரர் உட்காருவது உள்ளே திண்ணையில். இப்போது பல இடங்களில் தாழ்வாரத்துக்குக் கிரில் போட்டு, பூந்தொட்டி வைத்து, போட்டோ எடுக்கிற இடமாக ஆக்கிவிட்டார்கள்.

15 ஜூலை

வெனிஸ் போல ஆகிவிடும் என்று பயமுறுத்துகிறேன் என்று ஒருவர். நான் வெனிஸ் பெயரையே எடுக்கவில்லை, ஆனால் அவர் எடுத்ததும் நல்லதுதான்.

அந்தப் பழைய நகரத்தில் 1951இல் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022இல் 50,000க்குக் கீழே போய்விட்டது. 2023இல் பயணிகளுக்கான படுக்கைகளின் எண்ணிக்கை ஊர்வாசிகளின் எண்ணிக்கையைத் தாண்டியது. ஒரு மருந்துக்கடை ஜன்னலில் மிச்சம் எத்தனை பேர் என்று ஒளிரும் எண் பலகை 2008 முதல் இருக்கிறது. மருந்துக்கடையில் அது இருப்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. ஊரில் வயதானவர்கள் மிஞ்சியிருக்கிறார்களா என்று முதலில் தெரிவது அங்கேதான்.

முழுப் பழியையும் ஏர்பிஎன்பி மேல் போட முடியாது. அந்தக் கம்பெனி தொடங்கியதே 2008இல். அதற்கு முன்பே அம்பது வருஷமாக ஜனம் வெளியேறிக்கொண்டிருந்தது. ஈரம், வெள்ளம், வேலை இல்லாமை, தீவுக்கு வெளியே கரையில் புது அபார்ட்மென்ட், இப்படிப் பல காரணம். நாள் வாடகை வந்த பிறகு திரும்பி வர வழியும் அடைபட்டது என்று சொன்னால் சரியாக இருக்கும். காலியான வீட்டுக்கு ஊர்க்காரரும் போட்டி போடலாம், ஆனால் விலை வார இறுதிக் கணக்கில் போடப்படும்.

2024 ஏப்ரலில் அங்கே பகல் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வைத்தார்கள். ராத்திரி தங்குகிறவர்களுக்கு அது கிடையாது. வீட்டை விழுங்குவது ராத்திரி தங்கல்தான் என்னும்போது, அந்தக் கட்டணம் கூட்டத்துக்கு மருந்தாகலாம், வீட்டுக்கு ஆகாது.

2 ஆகஸ்ட்

கொஞ்ச நாளாக எழுதவில்லை. நியூயார்க் பற்றி ஒருவர் கேட்டது மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

2023 செப்டம்பர் 5 முதல் அங்கே சட்டம் கடுமையாகிவிட்டது. 30 நாளுக்குக் குறைவாக விட வேண்டுமானால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருக்க வேண்டும், விருந்தாளி இரண்டு பேருக்கு மேல் கூடாது, நகரத்திடம் பதிவு செய்ய வேண்டும். ஆப்பில் இருந்த குறுகிய காலப் பட்டியல் மளமளவென்று சரிந்தது. வாடகை இறங்கியதா? இறங்கவில்லை. ஹோட்டல் கட்டணம்தான் ஏறியது.

இதைப் படித்த பிறகு என் நிலைப்பாடு மாறவில்லை, ஆனால் எதிர்பார்ப்பு அடங்கியது. அத்தனை பெரிய நகரத்தில் வீட்டுப் பஞ்சத்துக்கு வேறு பெரிய காரணங்கள் இருக்கின்றன. கட்டுவது குறைவு, வருகிறவர் அதிகம். நாளை பாண்டியில் எல்லா ஹோம்ஸ்டேவையும் மூடினாலும் லாஸ்பேட்டையில் என் வாடகை 14,000லிருந்து இறங்காது. புதுச்சேரிப் பகுதி மொத்தமே 293 சதுர கிலோமீட்டர், அதுவும் துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. இடம் குறைவான ஊரில் வாடகை ஏறத்தான் செய்யும். முதலில் கேட்ட வாசகர் "எல்லா ஊரிலும் ஏறுகிறது" என்றாரே, அது இந்த அளவுக்கு உண்மை.

அப்படியானால் எதற்கு இந்தச் சண்டை? வாடகை இறங்காவிட்டாலும் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருக்களில் மறுபடி ஜனம் இருக்கும். அங்கே ஒரு பாட்டிக்கு ராத்திரி மூச்சு முட்டினால் தட்டுவதற்குப் பக்கத்துக் கதவு இருக்கும். அந்தத் தெருப் பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகள் படிப்பார்கள். எனக்கு அது போதும்.

17 ஆகஸ்ட்

சுதந்திர தினம் வெள்ளிக்கிழமை வந்தது, சனிக்கிழமை ஆகஸ்ட் 16, பாண்டி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள், அப்புறம் ஞாயிறு. 15ஆம் தேதி அரவிந்தர் பிறந்த நாளும்கூட. மூன்று நாளும் ஊரில் கால் வைக்க இடம் இல்லை.

எங்கள் லாஸ்பேட்டை அபார்ட்மென்டிலேயே இரண்டாம் மாடியில் ஒரு ஃபிளாட்டை நாள் வாடகைக்கு விட ஆரம்பித்திருக்கிறார்கள். கடற்கரையில் நடக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தவன் வீட்டுப் படிக்கட்டுக்கே அது வந்துவிட்டது. நான்கு பேர் தங்குகிற வீட்டில் ஒன்பது பேர். சனிக்கிழமை மத்தியானம் சம்ப் காலி. மோட்டார் வெறுங்காற்றை இழுத்துச் சூடாகி நின்றது. லாரித் தண்ணீர் சொன்னால் நாள் முழுக்க எல்லோரும் அதே லாரியைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ராத்திரி எட்டரைக்கு வந்தது. செலவு எட்டு வீட்டுக்கும் சமமாகப் பங்கு.

ராத்திரி இரண்டு மணிக்கு எதிர்வீட்டு அம்மாவின் காலிங் பெல்லை அடித்துச் சாவி கேட்டிருக்கிறார்கள். எழுபது வயதுக்கு மேல், தனியாக இருப்பவர். மறுநாள் அவர் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். தங்க வந்த பிள்ளைகளிடம் நான் பேசினேன். பெங்களூரிலிருந்து வந்தவர்கள், மன்னிப்புக் கேட்டார்கள், நல்ல பிள்ளைகள்தான். வீட்டு நம்பரைத் தப்பாக அனுப்பிய சொந்தக்காரர் சென்னையில் இருக்கிறார், போன் எடுக்கவில்லை.

வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. அக்கம்பக்கத்தாருக்கு ஒரு போன் நம்பர் கொடுக்க வேண்டும் என்று ஏன் இருக்கக் கூடாது?

18 ஆகஸ்ட்

"ஊட்டி மாதிரி இ-பாஸ் வைத்தால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் உச்சவரம்பும் வைத்தார்கள். நீலகிரிக்குச் சாதாரண நாளில் 6,000 வண்டி, வாரக் கடைசியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. மலைப்பாதைக்கும் காட்டுக்கும் அது அவசியம். ஆனால் அது எண்ணுவது வண்டியை. எத்தனை குடியிருப்பு வீடு லாட்ஜாக மாறியிருக்கிறது என்று இ-பாஸ் சொல்லாது.

24 ஆகஸ்ட்

"புலம்பல் போதும், விதி என்ன என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். சரி.

வீட்டுக்காரர் அந்த வீட்டில் இருக்கிறாரா? எல்லாம் இந்தக் கேள்வியில் தொடங்க வேண்டும். மேல்மாடியில் இரண்டு ரூம் விட்டுக் கீழே தானே குடியிருக்கிறவரை யாரும் தொட வேண்டாம். பென்ஷன் போதாமல் அப்படி விடுகிற வயதானவர்கள் இங்கே இருக்கிறார்கள். விருந்தாளி சத்தம் போட்டால் அவரே மேலே போய்க் கண்டிப்பார். தன் சொந்த வீட்டைத் தான் ஊருக்குப் போகும்போது சில நாள் விடுகிறவருக்கும் ஒரு அளவு வைக்கலாம். ஆம்ஸ்டர்டாமில் 2025இல் வருஷத்துக்கு 30 ராத்திரி என்று இருந்தது, பாரிஸில் 2025 முதல் 90 நாள். முழு வீட்டை வாங்கி, யாரும் குடியிருக்காமல், வருஷம் முழுக்க நாள் வாடகைக்கு ஓட்டுவது வியாபாரம். அதற்கு லாட்ஜுக்கு உள்ள தீயணைப்பு, கரண்ட் கட்டணம், வரி எல்லாம் பொருந்த வேண்டும். ஒரு தெருவில் இத்தனைக்கு மேல் கூடாது என்றும் இருக்க வேண்டும்.

பதிவு எண் விளம்பரத்திலேயே தெரிய வேண்டும். ஸ்பெயின் அரசு 2025 மே மாதம் 65,000க்கும் மேற்பட்ட விளம்பரங்களை ஏர்பிஎன்பியிலிருந்து எடுக்கச் சொன்னது, பலவற்றில் உரிம எண்ணே இல்லை என்பதால்தான். எண் கட்டாயம் என்றால் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் பார்த்துவிடலாம்.

நமக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், குயிலாப்பாளையம் எல்லாம் விழுப்புரம் மாவட்டம். வருகிறவருக்கு அதுவும் பாண்டிதான். இந்தப் பக்கம் மட்டும் விதியை இறுக்கினால் மொத்த வியாபாரமும் செரினிட்டி பீச் பக்கம் நகரும், அங்கே இருக்கும் மீனவக் குடும்பங்கள் வீடு தேடி இன்னும் உள்ளே போவார்கள். இரண்டு அரசும் சேர்ந்து ஒரே விதி போடாவிட்டால் தொல்லை எல்லையைத் தாண்டிப் போகும், அவ்வளவுதான்.

9 செப்டம்பர்

அபார்ட்மென்ட் சங்கத்தில் என்ன ஆயிற்று என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். கூட்டம் போட்டோம். சென்னைச் சொந்தக்காரரும் வந்தார். கடனில் வாங்கிய ஃபிளாட், மாச வாடகையில் இ.எம்.ஐ. கட்ட முடியவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யாரும் அவரை மிரட்டவில்லை. நான்கு பேருக்கு மேல் தங்கவைக்கக் கூடாது, லாரித் தண்ணீர் வந்தால் அவர் இரண்டு பங்கு, ராத்திரியில் போன் எடுக்கிற ஒரு ஆள் பாண்டியிலேயே இருக்க வேண்டும், வாசலில் அம்புக்குறி போட்டு வீட்டு நம்பர் பெரிதாக எழுத வேண்டும். இவ்வளவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. மார்ச் வரை பார்ப்போம், மாச வாடகைக்குக் குடும்பம் கிடைத்தால் மாற்றிவிடுகிறேன் என்று அவரே சொன்னார். எதிர்வீட்டு அம்மா உடனே தன் தங்கை மகளுக்கு வீடு வேண்டும் என்று கேட்டுவிட்டார். எவ்வளவு வாடகை என்பதில் பேச்சு நிற்கிறது. சொந்தக்காரர் 18,000 சொல்கிறார், தங்கை மகள் வீட்டார் 14,500க்கு மேல் முடியாது என்கிறார்கள்.